அப்பாவுக்கு அசிட்ரோம் ஓடுகிறது. கூடவே சூரணம், கஷாயம் கொடுக்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64. இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ராத்திரி அசிட்ரோம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின். நீர் பிரிய ஒரு மாத்திரை. மாதா மாதம் ரத்தம் கொடுத்து ஐ.என்.ஆர். பார்க்கிறோம் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்; ஏறினால் கசிவு, இறங்கினால் உறைவு).

இப்போது சித்தப்பா ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். முருங்கையிலைப் பொடி, திரிகடுகு சூரணம், அதிமதுரப் பொடி, சிறுகுறிஞ்சான் பொடி, போதாததற்கு மஞ்சள் கேப்ஸ்யூல். "உங்கப்பாவுக்கு இதெல்லாம் குடு, மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்கிறார். டாக்டரைக் கேட்டால், "எதுவும் கூடாது, கீரையும் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எது ஆகாது, ஏன் ஆகாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது" என்ற பதில் வேண்டாம். அது சித்தப்பாவிடமே தாராளமாகக் கிடைக்கிறது.

வேம்படி எழுதியது:

நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள். மிளகு இல்லாத ரசம் உண்டா? மஞ்சள் போடாத குழம்பு உண்டா? மாத்திரை சாப்பிடுகிற கோடிக்கணக்கான பேர் இதையெல்லாம் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்? இதில் ஆபத்து இருந்தால் பாதித் தமிழ்நாடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். டாக்டர்களுக்கு மூலிகை என்றாலே ஆகாது, அவ்வளவுதான்.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

நான் மருந்தாளுநர். வால்வு வைத்தவர்களின் சீட்டு எங்கள் கடைக்கு நிறைய வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். "எந்த மூலிகை ஆபத்து?" என்று தொடங்கினால் பட்டியல் முடியவே முடியாது. "எந்த மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதில் தொடங்குங்கள். சில மாத்திரைகளில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. பாராசிட்டமால் போடும்போது ரசத்தில் மிளகு எத்தனை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. வேறு சிலவற்றில் போதாத அளவுக்கும் மிஞ்சிய அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறுகல். அசிட்ரோம், அதே வேலை செய்யும் வார்ஃபரின், இதயத்துக்குத் தரும் டிஜாக்சின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின். இந்தப் பட்டியலில் ஒன்று சீட்டில் இருந்தால் மூலிகைப் பேச்சே வேறு.

அசிட்ரோம் எங்கிருந்து வந்தது தெரியுமா? செடியிலிருந்துதான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் அதற்குக் காரணமான டைகூமராலைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக விற்றார்கள், 1954இல் மனிதர்களுக்கு வந்தது. அசிட்ரோமில் இருக்கும் அசெனோகூமரால் அதே குடும்பம். ஆக, மூலிகை ஒரு கட்சி, மாத்திரை ஒரு கட்சி என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். உடம்புக்கு இரண்டும் வேதிப்பொருள்தான்.

ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் செய்ய வைட்டமின் கே வேண்டும். பயன்பட்ட வைட்டமின் கே மறுபடி புதுப்பிக்கப்படுவதை அசிட்ரோம் தடுக்கிறது, அதனால் ரத்தம் மெதுவாக உறைகிறது. வெளியிலிருந்து வைட்டமின் கே நிறையப் போட்டால் மருந்தின் வேலை கெட்டு ஐ.என்.ஆர். இறங்கும். உலோக வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. பச்சைக் கீரை எல்லாவற்றிலும் இது உண்டு. பொடியாக்கும்போது தண்ணீர் போய்விடுவதால் ஒரு கரண்டி முருங்கைப் பொடி என்பது ஒரு கரண்டி கீரை அல்ல, பல கைப்பிடி.

அதற்காகக் கீரையே கூடாது என்பதும் சரியில்லை. டாக்டர் அவசரத்தில் சொல்லியிருப்பார். வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடலாம், அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்வார்கள். இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வேளைக்கு வேளை கீரை என்பதுதான் வம்பு. கீரையே சாப்பிடாதவர்களுக்கு ஐ.என்.ஆர். இன்னும் அதிகமாக ஆடும் என்பதையும் கடையில் பார்க்கிறேன்.

மஞ்சள் கேப்ஸ்யூல் எதிர்த்திசை. குழம்பு மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். கேப்ஸ்யூலில் இருப்பது பிழிந்தெடுத்த சாரம். 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த ஒரு பொருளைத் தொடங்கியபின், சில வாரங்களிலேயே அவருடைய ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியிருந்தது. உங்கள் அப்பாவுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு 2.5 முதல் 3.5. பத்து என்றால் மூளையில் ரத்தம் கசியக்கூடிய நிலை.

வேம்படிக்கு: ரசம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் சித்தப்பாவின் பையில் ரசம் இல்லையே.

வேம்படி எழுதியது:

சரி, கேப்ஸ்யூலை விட்டுக்கொடுக்கிறேன். அது நம் மரபும் இல்லை, ஆன்லைன் வியாபாரம். ஆனால் திரிகடுகு? சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் அடுக்களைச் சரக்கு. ஆயிரம் வருஷமாகக் கொடுத்துவருகிறோம். அதில் என்ன வந்துவிடப் போகிறது?

சுக்குமிளகு எழுதியது:

நான் சித்த மருத்துவம் படித்தவன், அதுதான் என் தொழில். வேம்படி ஐயா, நீங்கள் நம் மருத்துவத்துக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து அதன் பெருமையையே குறைக்கிறீர்கள்.

திரிகடுகை எதற்கு அத்தனை மருந்துகளோடு சேர்க்கிறோம்? ஒரே சூரணத்தைத் தேனில் ஒரு நோய்க்கும் நெய்யில் இன்னொரு நோய்க்கும் ஏன் கொடுக்கிறோம்? அனுபானம், அதாவது மருந்தோடு கலந்து கொடுக்கும் பொருள், மாறினால் மருந்தின் போக்கு மாறும் என்பதுதான் காரணம். பத்தியம் என்று புளியையும் கடுகையும் நிறுத்தச் சொல்வது எதற்கு? ஒரு பொருள் இன்னொன்றின் வேலையைக் கூட்டும், குறைக்கும், கெடுக்கும் என்பது எங்கள் படிப்பின் அடித்தளம். அப்படி இருக்க, எங்கள் மருந்து எங்கள் மருந்தோடு மட்டும் வினைபுரியும், ஆங்கில மருந்தைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

திப்பிலியின் கதையைக் கேளுங்கள். ஆடாதோடையோடு திப்பிலி சேர்த்தால் ஆஸ்துமாவுக்கு நன்றாகக் கேட்கிறது என்று போஸ் என்பவர் 1929இலேயே எழுதினார். பிறகு ஜம்முவிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் சி.கே. அடல் குழுவினர் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின் மற்ற மருந்துகளை ரத்தத்தில் கூட்டுகிறது என்று 1980களில் காட்டினார்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளியான ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கானது. மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பாவில் "மிளகுச் சாரம் சேர்த்தது" என்று பெருமையாகப் போடுவது இதனால்தான். காசநோய்க்கு ரிசோரின் என்றே ஒரு மாத்திரை நம் நாட்டில் வந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் தரும் ரிஃபாம்பிசினை 200ஆகக் குறைத்து, கூட 10 மில்லிகிராம் பைப்பரின் வைத்தார்கள்.

மருந்தைப் பாதியாகக் குறைக்கும் அளவுக்கு அதற்கு வலு இருக்கிறது என்றால், அளவைக் குறைக்காமல் கூடச் சேர்த்தால் என்ன நடக்கும்? ஃபெனிட்டாயின், புரோப்ரனலால், தியோஃபிலின் மூன்றிலும் பைப்பரின் ரத்த அளவைக் கூட்டியதைப் பார்த்திருக்கிறார்கள். திரிகடுகை நான் எழுதிக்கொடுக்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, "வேறு என்ன மாத்திரை ஓடுது?" என்பதுதான்.

வைகைக்கரைக்கு: அசிட்ரோம் ஓடும்வரை அந்தச் சூரணம் தினசரி வேண்டாம். சளி பிடித்தால் ஒரு வேளை சுக்குக் காப்பி குடிப்பது வேறு விஷயம்.

தெம்பனைஸ்தமிழன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பழத்துக்கே எச்சரிக்கை உண்டு. என் கொலஸ்ட்ரால் மாத்திரை பெட்டிக்குள் இருந்த தாளில் கிரேப்ஃப்ரூட் கூடாது என்று போட்டிருந்தது. சீனப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு பம்ளிமாஸ் கொடுப்பார்கள். அதுவும் இதில் சேருமா? பழத்துக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை புரியவில்லை.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

சேரும். கிரேப்ஃப்ரூட்டுக்குப் பம்ளிமாஸ்தான் ஒரு பெற்றோர், ஆரஞ்சு இன்னொன்று.

இது தற்செயலாகக் கண்டுபிடித்தது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குடிப்பவருக்குச் சாராயத்தின் சுவை தெரியக் கூடாது என்று கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்தார். சாராயம் குடித்தவர், குடிக்காதவர் எல்லோருக்குமே மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. குற்றவாளி சாறு என்று பிறகு தெரிந்தது. 1989இல் முதலில் வெளியிட்டார்கள்.

குடல் சுவரில் சிப் 3ஏ4 என்று ஒரு நொதி சுங்கச்சாவடி போல உட்கார்ந்து, உள்ளே போகும் மருந்தில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். அந்தச் சிதைவையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவை நிர்ணயிக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டிலும் பம்ளிமாஸிலும் உள்ள ஃபுரானோகூமரின்கள் அந்த நொதியை ஒரேயடியாக முடக்கிவிடும். உடம்பு புதிதாக நொதி செய்து முடிக்க ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அதனால் "காலையில் பழம், ராத்திரி மாத்திரை" என்று இடைவெளி விட்டுத் தப்பிக்க முடியாது. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம்.

இரண்டாவதுசிறுநீரகம் எழுதியது:

அம்மாவின் சிறுநீரகத்தை வாங்கி வாழ்பவன் நான். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன். 2020இல் தெருவுக்குத் தெரு கபசுரக் குடிநீர் கொடுத்தபோது என் வீட்டிலும் எல்லோரும் குடித்தார்கள். "நீ குடிக்காதே" என்று என் சிறுநீரக மருத்துவர் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்றுதானே அதைக் கொடுத்தார்கள்? எனக்கு அந்தச் சக்தியைக் குறைக்கத்தான் மாத்திரையே. மற்றவர்களுக்கு நல்லது என்று சொல்லப்படும் அதே குணம் என் உடம்பில் அம்மாவின் சிறுநீரகத்தை வெளியே தள்ளும் வேலையாக மாறலாம் என்றார்.

சூரிச்சில் நடந்த ஒன்றையும் அவர்தான் சொன்னார். மாற்று இதயம் பெற்ற இரண்டு பேர் மனச்சோர்வுக்காக செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் சைக்ளோஸ்போரின் அளவு விழுந்து, உடம்பு இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. 2000இல் வெளிவந்த செய்தி. அந்த மூலிகை இதயத்தை ஒன்றும் செய்யவில்லை. சைக்ளோஸ்போரினைக் கழிக்கும் நொதிகளை மட்டும் பெருக்கிவிட்டது.

சுக்குமிளகு எழுதியது:

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் திப்பிலியும் உண்டு, சீந்தில் தண்டும் உண்டு. திப்பிலி டாக்ரோலிமஸ் அளவை மாற்றலாம், சீந்தில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டலாம். உங்களைப் போன்றவர்களுக்கு நானும் கொடுக்க மாட்டேன். மும்பையில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கியதாக 2021இல் மருத்துவர்கள் எழுதினார்கள். சரியான செடிதானா என்று ஆயுஷ் அமைச்சகம் எதிர்க்கேள்வி கேட்டது. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும், மாற்று உறுப்பு உள்ளவர் அதன் தீர்ப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அமுக்கராவும் அப்படித்தான். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

பட்டறைவீதி எழுதியது:

சிறுகுறிஞ்சானைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் தெருவில் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். காலையில் பாகற்காய் ஜூஸ் வேறு. சர்க்கரை நன்றாகக் குறைகிறது, பொய் சொல்லவில்லை.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

குறைகிறது என்பதுதான் பிரச்சினையே. 1979இலேயே லான்செட் இதழில் ஒரு குறிப்பு வந்தது. இங்கிலாந்தில் குளோர்புரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பெண்மணி கறியில் பாகற்காய் சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே இழுத்தன.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் வேறு கதை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை கணையத்தை முடுக்கும் அல்லது நேராகச் சர்க்கரையை இறக்கும். மேலே சிறுகுறிஞ்சானும் சேர்ந்து, ஒரு நாள் சாப்பாடு தாமதமானால் வியர்த்து, கை நடுங்கி, கீழே விழுவார்கள். அசிட்ரோம் சாப்பிடுகிறவர் தலை அடிபட விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாகற்காய்ப் பொரியல் வாரம் ஒருமுறை சாப்பிடட்டும், நல்லதுதான். வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகச் சாறு வேண்டாம்.

இன்னொன்று, "மூலிகை" என்று விற்கும் பொடிக்குள் மாத்திரையையே இடித்துப் போடுவதும் நடக்கிறது. 2008இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற பொருள்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கிடைப்பது நம் ஊரிலும் புதிதல்ல. ஒரே வாரத்தில் அதிசயமாக வலி போனால் சந்தேகப்படுங்கள்.

சுக்குமிளகு எழுதியது:

அதிமதுரம் பாக்கி இருக்கிறது. சித்தப்பாவின் பையிலேயே எனக்குப் பயம் தருவது அதுதான். தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது பரவாயில்லை. தினமும் கரண்டிக் கணக்கில் பொடி என்றால், அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கும். உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும், அழுத்தம் ஏறும். நீர் பிரியச் சாப்பிடும் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். டிஜாக்சினும் சாப்பிட்டால் இன்னும் மோசம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் தினமும் அதிமதுர மிட்டாய் தின்றே இதயம் நின்று இறந்ததை 2020இல் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள்.

நிலாவாரை போட்ட பேதி மருந்துகளை நாள்கணக்கில் எடுத்தாலும் இதே பொட்டாசியம்தான் போகும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பையை அப்படியே மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். சித்தப்பாவிடம் ரிசோரின் கதையைச் சொன்னேன். "பார்த்தியா, நம்ம திப்பிலிக்கு எவ்வளவு சக்தி!" என்று சந்தோஷப்பட்டாரே தவிர, நான் சொல்லவந்தது ஏறவில்லை. பரவாயில்லை, கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவதை நிறுத்திவிட்டார்.

ஒரு சந்தேகம். டாக்டரிடம் மூலிகை என்று வாயைத் திறந்தாலே திட்டுகிறார். அதனால் அப்பா மறைக்கப் பார்க்கிறார். எப்படிச் சொல்வது?

நைட்டூட்டி எழுதியது:

நான் செவிலியர். "மூலிகை சாப்பிடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் திட்டுதான் கிடைக்கும். அனுமதி கேட்கிற மாதிரி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். "பத்தாம் தேதியிலிருந்து இந்தப் பொடி, காலையில் ஒரு கரண்டி, இதோ பாக்கெட்" என்று மேசைமேல் வைத்துவிடுங்கள். தேதியும் பாக்கெட்டும் கண்முன் இருந்தால் யாராக இருந்தாலும் படித்துத்தான் பார்ப்பார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் ஐ.என்.ஆர். நோட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ஆரம்பித்ததை மட்டுமல்ல, நிறுத்தியதையும் எழுத வேண்டும். தினமும் சாப்பிட்டுவந்த முருங்கைப் பொடியைச் சட்டென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறும்.

ஏதாவது நடந்துவிட்டால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் தரலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் முன்பே மூலிகை மாத்திரை, பொடி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். பூண்டு மாத்திரை, ஜின்கோ போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் அசிட்ரோமை மட்டும் யாரும் தாங்களாக நிறுத்தாதீர்கள், அதற்குத் தனி ஏற்பாடு உண்டு.

மலைக்கோட்டைவாசி எழுதியது:

இழைக்குக் கொஞ்சம் வெளியே. தங்கை மகளுக்கு வலிப்பு, ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறாள். பரீட்சை வருகிறது என்று ஞாபகசக்திக்கு சங்கபுஷ்பி சிரப் வாங்கி வைத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

மாத்திரைப்பெட்டி எழுதியது:

கொடுக்க வேண்டாம், இன்றே சொல்லிவிடுங்கள். மும்பையில் இதையே பார்த்திருக்கிறார்கள். நன்றாகக் கட்டுப்பட்டிருந்த இரண்டு பேருக்கு சங்கபுஷ்பி சேர்த்தபின் மறுபடி வலிப்பு வந்தது. எலிகளில் சோதித்தபோது ஃபெனிட்டாயின் அளவு இறங்கியது தெரிந்தது. 1992இல் வெளியானது. ஞாபகத்துக்குத் தூக்கம் போதும், வலிப்புக்காரர்களுக்கு அதுவும் மருந்துதான்.

வேம்படி எழுதியது:

நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். வைகைக்கரையின் அப்பாவுக்கு மூட்டுவலி வந்தால் தைலமாவது தேய்க்கலாமா? வெளியே பூசுவதுதானே, உள்ளே போகாதே?

மாத்திரைப்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி. கடையில் விற்கும் வலித்தைலம், களிம்பு பலவற்றில் விண்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட் இருக்கும். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. அது தோல் வழியாக உள்ளே போகும். தாராளமாகத் தேய்த்த வார்ஃபரின்காரர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறிய செய்திகள் உண்டு. பாட்டிலைத் திருப்பிப் பின்னால் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். அந்தப் பெயர் இல்லாத சாதாரண நல்லெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ வெதுவெதுப்பாகத் தேய்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. வலி மாத்திரையாக டைக்ளோஃபெனாக் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.